காந்தி படத்தின் பின்பக்கம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால், கடப்பாரை விழும் முன்பே சுவரிலிருந்து படங்கள் இறங்கிவிடும். முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம், தலைப்பாகை கட்டிய பூட்டன்... இந்த வரிசையில் எங்காவது ஓர் ஓரத்தில் காந்தியும் இருப்பார். சாமி படங்கள் புது வீட்டுப் பூஜை அறைக்குப் போய்விடும். பூட்டன் படத்தை மூத்த மகன் வாங்கிக்கொள்வார். காந்தி படத்தை என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் ஒரு நிமிடம் தயங்குவார்கள். சாமியும் இல்லை, சொந்தமும் இல்லை. தூக்கிப் போடவும் மனசு வராது. இரண்டு நாள் திண்ணையில் சாய்த்து வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் அது பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிடும்.

தராசில் ஏற்றும் முன் அந்தப் படத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அதில் காந்தி ராட்டையோடு உட்கார்ந்திருக்கிறாரா, அல்லது மேகத்துக்கு நடுவே நிற்கிறாரா? மார்பில் சிவப்புப் பொட்டாக ரத்தம் தெரிகிறதா? பாரத மாதா மடியில் படுத்திருக்கிறாரா? அப்படியென்றால் அது வெறும் காந்தி படம் அல்ல. ஒரு தேசம் அழுத அழுகையை அச்சடித்த காகிதம்.

அந்த வெள்ளிக்கிழமை

1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. டெல்லி பிர்லா மாளிகையில் மாலைப் பிரார்த்தனைக்கு நடந்துபோன காந்தியை மூன்று குண்டுகள் சாய்த்தன. மணி 5.17. அவருக்கு வயது 78. வானொலி அன்றிரவே செய்தியைச் சொல்லிவிட்டது. ஆனால், இந்த வறண்ட பூமியில் அன்றைக்கு ரேடியோ என்பது ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில் இருந்தாலே பெரிது. மறுநாள் பேப்பர் வந்து, படிக்கத் தெரிந்த ஒருவர் சாவடியில் உரக்கப் படித்த பிறகுதான் பல கிராமங்களுக்கு விஷயமே தெரிந்திருக்கும்.

இந்த மண்ணுக்கும் காந்திக்கும் ஒரு நெருக்கம் உண்டு. சட்டையையும் தலைப்பாகையையும் கழற்றிவிட்டு அவர் நாலு முழ வேட்டிக்கு மாறியது மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22. துணி வாங்க வழியில்லாத ஏழைகளைக் கண்ட பிறகு எடுத்த முடிவு அது. அந்த ஏழைகள் மதுரைச் சீமையின் மானாவாரிக் காட்டுக்காரர்கள் மாதிரிதான் இருந்திருப்பார்கள். ‘நம்மளைப் பார்த்து வேட்டியைக் குறைச்சுக்கிட்ட மனுஷன்’ என்ற எண்ணம் இருக்கும் இடத்தில், அவர் சாவு பேப்பர் செய்தியாக மட்டும் நிற்காது.

திருச்சுழியில் 1879-ல் பிறந்து திருவண்ணாமலைக்குப் போய்விட்ட ரமண மகரிஷி அப்போது உயிரோடு இருந்தார். காந்தி மறைவுச் செய்தி ஆசிரமத்துக்கு வந்தபோது அவர் கலங்கியதை, அங்கிருந்த சூரி நாகம்மா தன் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் பதிவு செய்திருக்கிறார். கண்ணால் கண்டதை உடனே எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறோம்.

மேகத்துக்குப் போன மனிதர்

காந்தி மறைந்ததும் வட இந்திய அச்சகங்கள் இரவு பகலாக ஓடின. சுடப்படும் காட்சி, ராஜ்காட் சிதை, பூப்பல்லக்கில் ஆகாயத்துக்குப் போகும் காந்தி, அவரை வரவேற்கக் காத்திருக்கும் தேவர்கள், ஒரு பக்கம் புத்தர், மறு பக்கம் இயேசு என விதவிதமாகப் படங்கள் வந்தன. நடுவில் பெரிய காந்தியும் சுற்றிலும் அவர் வாழ்க்கைக் காட்சிகளும் உள்ள படங்கள் இன்னொரு வகை. அதில் பிறப்பு முதல் குண்டு வரை கோயில் சுவர்ச் சித்திரம் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படியா? இல்லை. 1865 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அங்கேயும் இதே மாதிரிப் படம் வந்தது. அந்த நாட்டின் முதல் அதிபரான வாஷிங்டன், வானத்தில் லிங்கனைக் கட்டிப் பிடித்துத் தலையில் மாலை சூட்டுவதுபோல ஒரு படம். உள்ளங்கை அளவு அட்டையில் அச்சாகி வீடு வீடாகப் போனது. பெரிய சாவு ஒன்று நடந்துவிட்டால், ‘அவர் எங்கே போனார்?’ என்ற கேள்விக்கு மக்கள் ஒரு படம் கேட்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் அச்சகக்காரர் அதைத் தந்துவிடுகிறார்.

‘துக்கத்தை வைத்து வியாபாரமா?’ என்று கேட்கத் தோன்றும். ஆமாம், வியாபாரம்தான். அச்சகத்துக்கும் கடைக்காரருக்கும் லாபம் இருந்தது. ஆனால், வாங்கியவர் லாபத்துக்கு வாங்கவில்லை. அன்றைய கூலிக்காரருக்கு இரண்டணா பெரிய காசு. அதைக் கொடுத்து ஒரு காகிதத்தை வாங்கி, அதற்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டு, வருஷம் முழுக்கச் சுவரில் வைத்திருந்தார் என்றால், அந்தப் படத்தில் பாதி அச்சகத்துடையது. மீதிப் பாதி அவருடையது.

பக்கத்து ஊர்களின் கைவேலை

படம் மாட்டும் இந்தப் பழக்கத்துக்கு நம் வட்டாரமே ஒரு தலைநகரம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய சிவகாசி, பிறகு இந்தியாவுக்கே காலண்டர் அடிக்கும் ஊராக வளர்ந்தது. தெற்கே கோவில்பட்டியில் இருந்தவர் ஓவியர் சி.கொண்டையராஜு. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர், கோவில்பட்டியில் தங்கி காலண்டர் சாமிகளை வரைந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தான் நம் பாட்டிமார் கும்பிட்ட தெய்வங்கள். கொண்டையராஜு இளமையில் சில காலம் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர் என்பது திருச்சுழிக்காரர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

இங்கே சாமி படமும் தலைவர் படமும் ஒரே கடையில் விற்றன. ஒரே ஆணியில் தொங்கின. பொங்கலுக்கு மாவிலை கட்டும்போது காந்திக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். காந்தி படத்தின் கண்ணாடியில் காய்ந்த சந்தனப் பொட்டு இருந்தால் துடைத்துவிடாதீர்கள். அந்தப் படம் அந்த வீட்டில் என்னவாக இருந்தது என்று சொல்வது அந்தப் பொட்டுதான்.

கல்லில் வைத்த துக்கம்

செத்தவரை நினைக்க ஒரு பொருள் செய்வது இந்தக் கரிசல் காட்டுக்குப் புதிதல்ல. போரில் விழுந்தவனுக்கு நடுகல், கணவனோடு சிதையேறியவளுக்கு மாலைக்கோயில் என்று காட்டுப் பாதைகளில் இன்னும் எத்தனையோ நிற்கின்றன. அவற்றில் மனதை அதிகம் பிசைவது சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். சுமையோடு வருகிறவர், இறக்கிவிட யார் துணையும் இல்லாமலே தலைச்சுமையை அதன் மேல் நகர்த்திவைத்து இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது அது. அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமையை, வழிப்போக்கர்களாவது இறக்கிவைக்கட்டும் என்ற நினைப்பு.

இதைவிட நல்ல நினைவுச் சின்னத்தை எந்தச் சிற்பி செய்துவிட முடியும்? ஆனால், ஒரு வருத்தம். பல சுமைதாங்கிகளில் எழுத்து இல்லை. அந்தப் பெண் யார், எந்த வீட்டுக்காரி, எந்த வருஷம் என்பதெல்லாம் அவளைத் தெரிந்த கடைசி மனுஷியோடு போய்விட்டது. கல் நிற்கிறது, பெயர் இல்லை. ‘பழைய கல்லு’ என்று சொல்லி ரோடு போடும்போது ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால் காகிதம் எம்மாத்திரம்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சேகரிக்கும் ஆசையில் நடுகல்லையோ சுமைதாங்கியையோ பெயர்த்துக்கொண்டு வந்து வீட்டுத் தோட்டத்தில் வைக்கக் கூடாது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்களும் கல்வெட்டுகளும் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. சட்டத்தை விடுங்கள், பாதையில் இருந்தால்தான் அது சுமைதாங்கி. தோட்டத்துக்கு வந்துவிட்டால் வெறும் மூன்று கல். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேளுங்கள். அது போதும்.

சேர்க்க முடியாத அஞ்சலி

காந்திக்குச் செய்த நினைவுப் பொருள்களிலேயே நெசவு ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போகும் ஒன்று உண்டு. அவருடைய அஸ்தி அலகாபாத் திரிவேணி சங்கமத்தில் கரைக்கப்பட்ட நாள் 1948 பிப்ரவரி 12. பிறகு வந்த வருஷங்களில், அந்த நாளை ஒட்டி ஒவ்வொருவரும் தன் கையால் நூற்ற ஒரு சிட்டம் நூலைக் காணிக்கையாகத் தர வேண்டும் என்று வினோபா பாவே கேட்டுக்கொண்டார். சூதாஞ்சலி என்று அதற்குப் பெயர். ஒரு சிட்டம் என்றால் 640 இழை. பணம் வேண்டாம், பூ வேண்டாம். உன் கை உழைப்பில் ஒரு சிட்டம் போதும்.

அந்த நூலை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. தறிக்குப் போனது, துணியானது, யாரோ உடுத்திக் கிழிந்தும் போனது. நினைவுப் பொருளாகச் செய்தது பயன்படும் பொருளாகத் தேய்ந்து முடிந்தது. சுமைதாங்கிக்கும் இதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது, இல்லையா? இதைச் சேகரிக்கவே முடியாது. ‘எங்க அம்மாச்சி அன்னைக்கு நூத்துக் கொடுத்தாங்க’ என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்தான் மிச்சம். அந்தச் சொல்லை எழுதி வைத்தால் அதுவே சேகரிப்பு.

லட்சமும் ஒன்றரை அணாவும்

இனி விலைக்கு வருவோம். ‘பழைய காந்தி தபால்தலை லட்சக்கணக்கில் போகுதாமே?’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வராத வீடு இல்லை. அதில் உண்மையும் உண்டு, ஏமாற்றமும் உண்டு.

1948 ஆகஸ்ட் 15-ல், சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு அன்று, நான்கு காந்தி தபால்தலைகள் வெளியாயின. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். ‘பாபு’ என்ற சொல் அவற்றில் இந்தியிலும் உருதுவிலும் இருக்கும். சுதேசிக்காகவே வாழ்ந்தவருக்கான தபால்தலை சுவிட்சர்லாந்தில் அச்சடிக்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. இதில் பத்து ரூபாய்த் தலையில் சிலவற்றை மட்டும் தலைமை ஆளுநரின் அலுவலக உபயோகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சு செய்தார்கள். கோடியில் பேசப்படுவது அதுதான். அப்படி ஒட்டியபடியே இருந்த நான்கு தலைகள் 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோயின. நம் வீட்டுக் கடிதத்தில் இருக்கும் ஒன்றரை அணாத் தலை அந்த ரகம் அல்ல. அது ஏராளமாக அச்சானது.

அதனால் அதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால், தபால்தலையைத் தனியாகக் கிழித்து எடுத்தால் போய்விடும். உறையோடு, அருப்புக்கோட்டைத் தபால் முத்திரையோடு, உள்ளே இருக்கும் கடிதத்தோடு சேர்த்து வைத்திருங்கள். ரங்கூனுக்கோ கொழும்புக்கோ பிழைக்கப் போன மகனுக்கு ஊரிலிருந்து போன விஷயம் அதில் இருக்கலாம். உலகத்தில் எத்தனை ஒன்றரை அணாத் தலை இருந்தாலும் அந்தக் கடிதம் ஒன்றுதான்.

1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக வந்த நாணயங்களும் அப்படித்தான். 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய், வெள்ளி கலந்த 10 ரூபாய் என நான்கு வகை. ‘1869 – 1948’ என்று பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். மஞ்சள் நிற 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. அது பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் அலுமினியம்; அவ்வளவுதான். தங்கம் இல்லாவிட்டாலும் அஞ்சறைப் பெட்டியில் ஐம்பது வருஷம் கிடந்த காசு அது.

வருத்தம் தரும் ஒரு விலையும் உண்டு. காந்தி விழுந்த இடத்தில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிட்டிகை மண்ணும் புல்லும் 2012 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தன. 10,000 பவுண்டுக்குப் போயின. ரத்தம் சிந்திய மண்ணை ஏலம் விடலாமா என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மண்ணை வைத்து அது எந்த மண் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை எடுத்தவரின் கடிதம் கூடவே இருந்தது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது தெருமண்தான்.

விலைக்குப் போகாமல் பொதுவுக்கு வந்த பொருளைப் பார்க்க வேண்டுமா? மதுரைக்குப் போங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15-ல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தத் துணிக்கு முன்னால் வந்ததும் தானாகக் குரல் தாழ்ந்துவிடும். யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்பதுதான் ஏலத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் உள்ள வித்தியாசம்.

எந்தக் காலத்துப் படம்?

‘இது அந்தக் காலத்துப் படம்தானா?’ என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. படத்தின் அடியிலோ காலண்டர் அட்டையிலோ இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் போதும்.

விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முந்தையதாக இருக்கலாம். அந்த வருஷம் ஏப்ரல் 1-ல்தான் நயா பைசா வந்தது.

‘தமிழ்நாடு’ என்று அச்சாகியிருந்தால் அநேகமாக 1969-க்குப் பிந்தையது. அதற்கு முன் அரசாங்கப் பெயர் சென்னை ராஜ்யம்.

கடை முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. ‘1948 ஒரிஜினல்’ என்று யாராவது விற்க வந்து, அடியில் பின்கோடு இருந்தால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.

‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய எழுத்தில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆணையைப் போட்டபோது முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர்., 1977-ல் சட்டமன்றத்துக்குப் போனது அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்துதான்.

‘அருப்புக்கோட்டை, இராமநாதபுரம் ஜில்லா’ என்று இருந்தால் 1985-க்கு முந்தையது. அந்த வருஷம்தான் இந்த மாவட்டம் தனியாகப் பிரிந்தது. ‘காமராஜர் மாவட்டம்’ என்று இருந்தால் அதற்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் வந்தது.

சேர்த்தவர்களைப் பாருங்கள்

இப்படிப்பட்ட பொடிப் பொருள்களைச் சேர்க்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் ரோஜா முத்தையா. புத்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் உருவானதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

அந்தக் காலத்தில் ரயில் கவிழ்ந்தால், தீப் பிடித்தால், தலைவர் இறந்தால் சிந்தும் கும்மியும் ஒப்பாரியுமாக எட்டுப் பக்கப் புத்தகங்கள் சந்தையில் வரும். பாடிக் காட்டி விற்பார்கள். இவற்றை ஆராய்ந்து ஆ.இரா.வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். காலணா, அரையணாப் புத்தகங்கள் இன்றைக்கு வரலாற்றுச் சான்று.

சுதந்திரப் போராட்டக் காலத்துச் சுவர்ப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்து 2008-ல் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்த எர்வின் நியூமேயரும் கிறிஸ்டின் ஷெல்பெர்கரும் ஐரோப்பியர்கள். பாரத மாதா மடியில் கிடக்கும் காந்தி எதைச் சொல்கிறார் என்பதை விரிவாக ஆராய்ந்தவர் வரலாற்றாய்வாளர் சுமதி ராமசாமி. உலகம் தேடிப் படிக்கும் படத்தைத்தான் நாம் கிலோ கணக்கில் போடுகிறோம்.

ஆனால், எந்த நூலகத்துக்கும் எந்த அறிஞருக்கும் கிடைக்காத ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. படத்தின் முன்பக்கம் ஆயிரம் வீட்டில் ஒன்றுபோல இருக்கும். அதை யார் வாங்கினார், எந்தச் சுவரில் மாட்டினார், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். அதற்கான இடம் படத்தின் பின்பக்கம்.

என்ன செய்யலாம்?

முதலில் படத்தை அப்படியே, சட்டத்தோடு செல்போனில் எடுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. வெயிலில் வேண்டாம், ஜன்னல் ஓர நிழல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பழைய காகிதம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பழுப்புக் கறை வரும். லேமினேஷன் செய்துவிட்டால் பிறகு யாராலும் பிரித்துச் சரிசெய்ய முடியாது. சுவரோடு ஒட்டி மாட்டினால் கறையான் ஏறும். கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். நேர் வெயில் படும் சுவரும் அடுப்படிச் சுவரும் வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியம். வீட்டில் வயதான அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால் அந்தப் படத்தை அவர் மடியில் கொடுங்கள். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, ‘இதை யாரு அப்பத்தா வாங்குனது?’ என்று மட்டும் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். 1948-ல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்றைக்கு எண்பத்தைந்தைத் தாண்டியவர்கள். இந்தக் கேள்வியை அடுத்த பொங்கலுக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போடுவது சரியல்ல.

அவர் சொன்னதைச் சுருக்கமாக ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் படத்தின் பின்னால் செருகி வையுங்கள். பேனா மை பரவும், பென்சில் அழியாது. பெயர், ஊர், வருஷம், எந்தச் சுவர், யார் சொன்னது, என்றைக்கு எழுதியது. யாருக்கும் எதுவும் நினைவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்: ‘யார் வாங்கியது என்று தெரியாது. வீடு இடிக்கும்வரை வடக்குச் சுவரில் இருந்தது.’ இதுவும் தகவல்தான்.

வீட்டில் வைக்க முடியாதா? பழைய பேப்பர்காரரை அழைக்கும் முன் மதுரை காந்தி அருங்காட்சியகத்தையோ, விருதுநகர் அரசு அருங்காட்சியகத்தையோ, பக்கத்துப் பள்ளிக்கூடத்தையோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ‘அண்ணாச்சி, ஐநூறு தாரேன்’ என்று வியாபாரி யாராவது வந்தால் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால், கதையை எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதன் நகல் வீட்டில் இருக்கட்டும்.

நாம் எதை விட்டுச் செல்கிறோம்?

இன்றைக்குத் துக்கம் என்றால் காலையில் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர், மதியம் ஃபிளெக்ஸ், ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். போஸ்டரை ஆடு தின்றுவிடுகிறது. ஃபிளெக்ஸ் யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குப் போகிறது. அதுகூட ஒரு வகையில் சுமைதாங்கிதான், மழைக்காவது ஒதுங்கலாம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகக் காணாமல் போகிறது. நம் அழுகை குறைந்துவிடவில்லை. அது தங்கும் இடம்தான் குறைந்துவிட்டது.

2017-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இசை நிகழ்ச்சியில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தபோது, மக்கள் சதுக்கத்தில் கொண்டுவந்து வைத்த பொம்மை, கடிதம், குழந்தைகள் வரைந்த படம் என்று 10,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அந்த நகரத்தின் கலைக்கூடம் எடுத்துக் காப்பகமாகப் பத்திரப்படுத்தியது. ‘இது குப்பை அல்ல, ஒரு ஊரின் கடிதம்’ என்று யாரோ ஒருவருக்குச் சரியான நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். நமக்கு அப்படி ஒரு காப்பகம் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். சுவரும் ஆணியும் பென்சிலும் இருக்கின்றன.

ஒவ்வொரு ஜனவரி 30-ம் தேதியும் காலை 11 மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். அது முடிந்ததும் இன்னும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய படத்தைத் திருப்பி வைத்து, வீட்டுப் பெரியவர் சொல்லச் சொல்ல ஒரு வரி எழுதுங்கள். ‘தேரடிக் கடையில் இரண்டணாவுக்கு வாங்கியது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை’ என்ற அளவில் இருந்தால்கூடப் போதும்.